பட்டினிப் பாசி

மாலையில் அழகுப்பொருள் கடைக்காரம்மா மாதிரிக் கிரீம் பார்க்க வருகிறார். பாசியோ இன்னும் பச்சையாகவே இருந்தது.

அழகு நிலைய வேலையை விட்டுவிட்டு அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் முகக் கிரீம் செய்கிறாள். பாசி வளர்ப்பது என் பங்கு. இந்த நுண்பாசியைப் பட்டினி போட்டுக் கடும் வெளிச்சத்தில் வாட்டினால், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்ளும். நல்ல ஆன்டி ஆக்ஸிடன்ட். அதை எண்ணெயில் இறக்கிக் கிரீமில் கலப்பதுதான் எங்கள் திட்டம். கடைக்காரம்மாவிடம் அக்கா அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசி வைத்திருந்தாள். இன்று கையை விரித்தால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அக்கா பழையபடி ஊரார் புருவம் திருத்தப் போக வேண்டியதுதான்.

ஜாடிகள் இளங்கீரை போலத் தளதளத்தன. பட்டினி கிடந்தது இப்படிக் கொழுக்காது. அலமாரியில் பாசிக்கான ஊட்டக் கரைசல் பாதியாகியிருந்தது.

அக்காவின் கணவர், என் மாமா, மருத்துவமனை கேன்டீனில் சமையல்காரர். மின்மீட்டர் பார்க்க வருபவர்கூட எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை. எனக்குக் கேள்வி கேட்க வராது. பாட்டிலை மட்டும் அவர் முன்னால் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“ஒரு மூடிதான்மா ஊத்துனேன்,” என்றார். பிறகு, “தினமும்.”

விளக்கு பாசியின் மூஞ்சியில் அடிக்கிறதே என்று இரவில் ஜாடிகளுக்குத் துணியும் போர்த்தினாராம்.

“மனுஷங்களுக்குப் போட்டது போதாதுன்னு பாசிக்குமா பந்தி வெச்சீங்க?” என்றாள் அக்கா.

அப்போதுதான் ஓரத்து ஜாடி இல்லாததைக் கவனித்தேன். காலி இடத்தை மாமாவிடம் காட்டினேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

“அது செத்துப்போச்சும்மா.”

முதலில் அது ஒன்றுதான் நிறம் மாறியதாம். பயந்துபோய், எங்கள் கண்ணில் படாமல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார். நிறம் மாறுவதுதான் எங்களுக்கு வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மற்றவையாவது பிழைக்கட்டும் என்றுதான் ஊட்டத் தொடங்கியிருக்கிறார்.

நான் படிகளில் ஓடினேன். முழு வெயிலில், செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல் நின்றது அந்த ஜாடி. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒவ்வொரு செல்லும் மாதுளை முத்து. வடிகட்டி, அரைத்து, எண்ணெயில் ஊறவைத்தேன். மதியத்துக்குள் எண்ணெய் செம்பருத்தி நிறமானது. ஒரு சிறு டப்பா கிரீமுக்கு அது போதும்.

கடைக்காரம்மா அதைப் புறங்கையில் தேய்த்தார். இளஞ்சிவப்பாகப் படர்ந்து தோலில் மறைந்தது. கையை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடை அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குவதாகச் சொன்னார். பாசியை வளர்த்தது யார் என்றும் கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். நான் கூச்சத்தில் மாமாவைக் காட்டிவிட்டேன்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க,” என்றார் மாமா.

“இனிமேலும் அதையே பண்ணுங்க,” என்றாள் அக்கா.

மறுநாள் மற்ற ஜாடிகளையும் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாமா பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.