இஷிவி கொடுத்த அடிபம்பு

லுபுதோ வெள்ளிக்கிழமை விடியும்போது செத்துப் போனாள். ஆறு வயசு. வயிற்றாலே போய்ப் போய், கடைசியில் அழக்கூட உடம்பில் ஈரமில்லாமல் கிடந்தாள். மாலோவா பேட்டையில் அந்த மழைக்காலத்தில் இப்படிப் போன பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. பேட்டையில் குழாய் கிடையாது. ஆளுயரத்துக்குத் தோண்டிய குழிக்கிணறுகள்தான். பக்கத்திலேயே கக்கூஸ் குழிகள். மழை கொட்டினால் ரெண்டும் ஒன்றாகிவிடும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் குடித்தார்கள்.

அப்பன் சாங்வே கல் உடைப்பவன். அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஷி லுபுதோ, லுபுதோவின் அப்பன். பெண்டாட்டி பானா லுபுதோ. பிள்ளை போனாலும் அந்தப் பேர் போகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் இஷிவி கோப்பைக் கால்பந்து பைனல். இஷிவி என்பது அந்த நகரத்து வாரப் பத்திரிகை. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களிடமும் படிக்கிறவர்களிடமும் திரட்டி, வருஷம் ஒரு பேட்டைக்கு போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுப்பது அதன் தர்மம். எந்தப் பேட்டைக்கு என்று ஒரு வருஷம் சண்டை வந்து பத்திரிகை ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. அதிலிருந்து, பந்தே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோப்பை யாருக்கோ பம்பு அவர்களுக்கு. மாலோவா ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பும். இந்த வருஷம் பைனல்வரை வந்ததென்றால் அது கோலியால். கோலி சாங்வேதான்.

பேட்டையில் ஒரு பிணம் கிடக்கும்போது யாரும் பந்தைத் தொடமாட்டார்கள். அதுவும் கோலி வீட்டிலேயே பிணம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் முற்றத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லி பத்திரிகைக்கு ஆள் போயிற்று.

மத்தியானம் இஷிவியின் ஆசிரியை முத்தாலே அம்மா தானே வந்தாள். பிக்கப் வண்டியில் மக்காச்சோள மாவு மூட்டையும் முட்டைக்கோஸும் ஒரு சின்னச் சவப்பெட்டியும் இருந்தன. ஏழை வீட்டுச் சாவுக்குப் பத்திரிகை அனுப்புவது வழக்கம். பெட்டியின் அளவைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் ஓலம் எழுந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு சாங்வேயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"பாஷி லுபுதோ, என்ன சொல்றதுன்னே தெரியலை."

"ஆட்டத்தைத் தள்ளிப் போடுங்கம்மா, போதும்."

"என் கையில இல்லைங்க. போர் வண்டி வடக்கே போகுது. போற வழிங்கிறதாலதான் கம்பெனிக்காரன் தர்மத்துக்குப் போட்டுத் தர்றான். திங்கக்கிழமை காலையில எந்தப் பேட்டைன்னு கைகாட்டணும். இல்லேன்னா நிக்காமப் போயிடும். மழை முடிஞ்சுதான் திரும்பும்."

"நாங்க வரலேன்னா?"

"உங்களோட மோதற சிபந்தா பேட்டைக்காரங்க ஆடாமலே ஜெயிச்சதா ஆகிடும்." தலையைக் குனிந்துகொண்டாள். "அங்கேயும் பிள்ளைங்க சாகுது. நான் எந்தப் பக்கம் பேச, சொல்லுங்க."

சாங்வே சொல்லி ஆவது ஒன்றுமில்லை. அந்த ஜனங்களில் பிள்ளை அம்மாவின் குலம். சாவும் அம்மா வீட்டுச் சாவு. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். லுபுதோவின் மாமன் காஃபிம்பி, தங்கள் ஊரான லுவிங்குவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை அடக்கம் என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் சாங்வே அவரிடம் போய்க் கேட்டான்.

"மாமா, ரெண்டு மணி நேரம். ஆடிட்டு ஓடி வந்துடறேன்."

"பொண்ணு உள்ளே கிடக்கா. நீ டவுசர் மாட்டிக்கிட்டு விசில் சத்தத்துக்கு ஓடப்போறியா?"

"தண்ணி வருமே, மாமா."

"செத்தவளுக்கா?"

குழி வெட்ட வந்திருந்த கல்யாத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மழைக் குலம். செத்தவள் காளான் குலம். இந்த ரெண்டு குலத்துக்கும் கேலிமுறை. ஒரு குலத்துச் சாவில் குழி வெட்டுவதும், பெட்டி தூக்குவதும், அழுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிச் சிரிக்க வைப்பதும் மற்றக் குலத்தின் வேலை. யாரும் கோபிக்கக் கூடாது.

"ஏ காளானுங்களா!" என்று கத்தினான். "மழை இல்லாட்டி நீங்க முளைக்கவே மாட்டீங்க, இதுல வர்ற தண்ணியை வேற வேணாங்கிறீங்களா? அழுதே கிணத்தை ரொப்பிடலாம்னு நினைப்பா? யோவ் காஃபிம்பி, உன் மண்டைக்குள்ளே போர் போட்டாலும் புழுதிதான்யா வரும்."

பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். காஃபிம்பி சிரிக்கவில்லை.

சாங்வே வாசல்படியில் குந்தினான். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி தரையில் கிடந்தாள்.

"பானா லுபுதோ. நான் போயிட்டு வந்துடறேன்."

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தாகம் தாகம்னா. நீங்க கொண்டாந்த தண்ணிதான் குடிச்சா."

அது போகச் சொன்னதா, போகாதே என்று சொன்னதா, அவனுக்கு விளங்கவில்லை. எழுந்தான். வேலியைத் தாண்டினான். நெருப்போரம் இருந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பின்னாலேயே நடந்தார்கள். பேசாமல், சவ ஊர்வலம் போலவே.

ஆட்டம் நன்றாயில்லை. இடையில் மழை வந்து மைதானம் சேறாயிற்று. சிபந்தாக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். கோலி பக்கம் வரும்போது அவர்கள் கால் தயங்கியது. ஆனாலும் அவர்களுக்கும் தண்ணீர் வேண்டுமே, உதைத்தார்கள். சமநிலையில் முடிந்து, கடைசியில் பெனால்டி. சிபந்தாக்காரன் உதைத்த கடைசிப் பந்து சாங்வேயின் நெஞ்சில் மோதிக் கீழே விழுந்தது. அவன் அதன்மேல் கவிழ்ந்து படுத்தான். எழுந்திருக்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது என்று வந்து தூக்கும்வரை பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தான்.

போட்டோக்காரன் ஓடிவந்தான். முத்தாலே அம்மா அவன் கேமராவைக் கையால் கீழே அழுத்தினாள்.

"இது வேணாம்ப்பா."

சாங்வே சேற்றோடு ஓடினான். மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் யாருமில்லை. நெருப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே பெட்டி இருந்த இடத்தில் சேற்றுக் கால்தடங்கள். வீட்டின் பின்பக்கம் கல்யாத்தி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"லுவிங்கு பஸ் மத்தியானமே வந்துடுச்சு," என்றான். இந்தத் தடவை கேலியில்லை. "அப்பன் வரட்டும்னு சொன்னேன். மாமன் கேக்கலை."

"மண்ணு?"

"எல்லாரும் போட்டாங்க."

அப்பன் கைமண் விழாமல் குழி மூடியாயிற்று. அப்படியானால் சாவு அவனை விடவில்லை என்று அர்த்தம். அம்மா பக்கத்தார் சடங்கு செய்து கழித்து விடும்வரை அவன் தீட்டுக்காரன். அவனோடு ஒரே சட்டியில் யாரும் ன்ஷிமாக் களி தின்னமாட்டார்கள். அவன் தொட்ட பொதுச்சாமானை யாரும் தொடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காஃபிம்பி தங்கச்சியை லுவிங்குவுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சாங்வே பஸ்வரைக்கும் தள்ளியே நடந்து போனான்.

"மாமா, என்னைக் கழிச்சு விட்டுட்டுப் போங்க."

"உனக்குப் பந்துதானே சாவு வீடு? அதுங்கிட்டேயே கேளு."

பானா லுபுதோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் நகரும்வரை அவனையே பார்த்தாள். கை அசைக்கவில்லை.

திங்கட்கிழமை போர் வண்டி வந்தது. பேட்டையே அதிர்ந்தது. ராத்திரிவரை குடைந்து தண்ணீர் கண்டார்கள். அந்த வாரத்திலேயே சிமெண்டு மேடை கட்டி அடிபம்பு நின்றது. இஷிவியின் பேர் எழுதின துணி கட்டினார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வாளியோடு வந்துவிட்டார்கள்.

முத்தாலே அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சாங்வேயைப் பார்த்துவிட்டாள்.

"பாஷி லுபுதோ, இங்கே வாங்க. முதல் அடி நீங்கதான் அடிக்கணும். இதுக்கு லுபுதோ பேரையே வைக்கலாம்னு ஆபீஸ்ல பேசியிருக்கோம்."

"பேரு என்னுது இல்லைம்மா. லுவிங்குல கேக்கணும்."

"சரி, பம்பையாவது அடிங்க."

அவன் ரெண்டு எட்டு முன்னால் வைத்தான். வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, பிள்ளைங்க குடிக்கிற தண்ணி."

"ஏம்மா, இவரால வந்த தண்ணிம்மா இது!" என்றாள் முத்தாலே அம்மா. குரல் உடைந்தது.

"தெரியும்மா. எங்களுக்குத் தெரியாதா? ஆனா குழிக்கு மண்ணு போடாத கை."

முத்தாலே அம்மா அவனைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். அவளும் அந்த ஜனம்தான். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான்.

சாங்வே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கினான். வேறொருத்தி வந்து அடித்தாள். முதலில் சேறு, அப்புறம் கலங்கல், அப்புறம் கண்ணாடி மாதிரித் தண்ணீர். பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளைகள் வாயை நேராகக் கொண்டுபோய் வைத்தன. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையும் ஏறி இறங்குவதை.

கூட்டம் கலைந்தபிறகு கல்யாத்தி வந்தான். கேலிமுறைக்காரனுக்குத் தீட்டு ஒட்டாது. சாங்வேயின் கையிலிருந்து காலித் தகர வாளியைப் பிடுங்கினான்.

"கொண்டா இங்கே. கோலியாம் கோலி. ஒரு வாளி தண்ணி பிடிக்க வக்கில்லை."

நிரப்பிக்கொண்டு வந்து தரையில் வைத்தான். சாங்வே அதைத் தூக்கிக்கொண்டு வெறும் வீட்டுக்குப் போனான். ஒரு குவளை மொண்டு குடித்தான். எந்த நாற்றமும் இல்லை. இன்னொரு குவளை மொண்டான். அதைப் பெட்டி இருந்த இடத்தில் வைத்தான்.