இடது கைக்காரி

திரைப்படச் சங்க அரங்கில் அண்ணன் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். விருது வாங்கிய இயக்குநர் ஆயிற்றே, வேறெப்படி உட்காருவான்! பக்கத்தில் அம்மா. வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டவளைத் தங்கைதான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள்.

எல்லாம் அண்ணன் எடுத்த படத்தால் வந்த வினை. அதில் ஒரு தாய், காய்ச்சலில் துவளும் மகனை ரயில் நிலையத்து பெஞ்சில் விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுவாள். "இது என் அம்மாவோட உண்மைக் கதை" என்று பேட்டிக்குப் பேட்டி கண் கலங்கினான். அவனுக்கு விருது கிடைத்தது. அம்மாவுக்குக் கெட்ட பேர் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூடப் பிறந்த பெரியம்மாவே, "நிஜமாவே விட்டுட்டுப் போனியாடி?" என்று கேட்டாள். மகன் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன் என்று அம்மா வாயே திறக்கவில்லை. தங்கைக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்தப் படத்துத் தாய் எல்லா வேலையையும் இடது கையால் செய்வாள். "எங்கம்மா இடது கைக்காரி" என்று அதற்கும் ஒரு கதை அளந்தான். அம்மா இடது கையால் ஒரு டம்ளரைக்கூட எடுத்ததில்லை. ஒன்றுக்கும் உதவாத இந்தப் பொய் எதற்கு? தங்கையை அது அரித்துக்கொண்டே இருந்தது. திரைப்படச் சங்கத்தின் செயலாளர் அவள். திரையிடலுக்காகப் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தபோது, உலகமே கொண்டாடிய ஒரு ஜப்பானியப் படத்தில் பதில் கிடைத்தது. அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சிறப்பு விருந்தினர் கடைசிவரை இருந்து, மேடையேறிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணனை விருந்தினராக அழைத்தாள். பெரியம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரிகளையும் கையோடு கூட்டிவந்தாள்.

விளக்குகள் அணைந்தன. கறுப்பு வெள்ளையில் ஒரு தாய், மகனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால்.

அண்ணனின் கால் தரைக்கு இறங்கியது. சுவரோரம் நின்றிருந்த தங்கை படத்தைப் பார்க்கவில்லை, அவனையேதான் பார்த்தாள். அவன் மெல்ல எழுந்தபோது அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா, நல்லாத்தான இருக்கு!"

ரயில் நிலையம் வந்தது. பெஞ்சும் வந்தது. பெரியம்மாவால் அடக்க முடியவில்லை. "அடடே, இது நம்ம பையன் எடுத்ததாச்சே!"

"இல்லம்மா," என்றது பின்வரிசைக் குரல், "இது அவர் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த படம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. தங்கைக்கு நெஞ்சு குளிர்ந்தது.

படம் முடிந்து மேடையேறிய அண்ணன், "இது... அந்த மாமேதைக்கு என்னோட காணிக்கை..." என்று இழுத்தான். அவனைக் கிழித்துத் தொங்கவிட ஒரு கேள்வியைத் தங்கை தீட்டி வைத்திருந்தாள். அதற்குள் முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அம்மாவின் வலது கை. தங்கை ஓடிப்போய் அம்மாவின் வாயருகே மைக்கைப் பிடித்தாள்.

"ஏன்டா, உன்னை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போனவ இவதானா?" அம்மா தூக்கிய கையால் திரையைக் காட்டினாள். "அப்போ உனக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருந்தேனே, நான் யாருடா?"

தங்கை மேடைக்குப் போய் மைக்கை அண்ணனின் வாயருகே நீட்டினாள்.

"சொல்லுண்ணா. எல்லாரும் காத்திருக்காங்க."

அம்மா தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.