டெல்வின் என்று எழுந்தவன்

மூன்று வயது பெபிஷாவை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் குளோரி காத்திருந்தாள். பிள்ளைக்கு அப்பன் டெல்வின்தான் என்று நாகர்கோவில் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள். துபாயிலிருந்து வந்திறங்கிய டெல்வினோ, கல்யாணம் பண்ணுவதாகச் சொல்லிப் பழகியதையே மறுத்தான்.

"கோட்டாத்துத் துணிக்கடையில நிக்கவ. எவன் பிள்ளையோ, ஆரு கண்டா?" என்று கோர்ட்டிலேயே சொன்னான்.

குளோரி அழவில்லை. டி.என்.ஏ. சோதனை வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். கோர்ட் உத்தரவுப்படி மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கும் நாள் இது.

"டெல்வின்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்து உள்ளே போனவனைக் கண்டதும் குளோரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் டெல்வினின் சித்தப்பா மகன் பிரைட்டன்.

பிள்ளையோடு பாய்ந்து உள்ளே போனாள். "டாக்டர், இவனுக்க ரத்தத்த எடுக்கப்பிடாது. இவன் டெல்வின் இல்ல."

டாக்டர் போட்டோ ஒட்டிய சோதனை விண்ணப்பத்தைப் பார்த்தார். "போட்டோ இவரோடதுதானேம்மா?"

"அதையும் மாத்தி ஒட்டியிருக்கானுவ. ஏலே பிரைட்டா, எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு, நீ ஆரு?"

பிரைட்டன் சட்டைக் கையைச் சுருட்டி டாக்டரிடம் நீட்டினான்.

"பிரச்சினைன்னா கோர்ட்ல போய்ச் சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"கோர்ட்டு கிளார்க்குக்கு டெல்வின நல்லாத் தெரியும். போன் போட்டு வரச்சொல்லுங்க. அதுவர எனக்க ரத்தமும் இல்ல, பிள்ளைக்க ரத்தமும் இல்ல."

வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பெபிஷா பசித்து அழுதது. குளோரி அசையவில்லை. கடைசியில் டாக்டரே போனை எடுத்தார்.

கிளார்க் வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். பிரைட்டன் உடைந்துவிட்டான். "ஒரு ஊசிக் குத்துதானேன்னு அண்ணந்தான் சொன்னான் சாறே. வெளிய டீக்கடையில நிக்கான்."

டெல்வினைப் பிடித்து வந்து உட்காரவைத்தார்கள். பெபிஷாவுக்கு ஊசி குத்தியபோது அது வீரிட்டு, பக்கத்திலிருந்தவனின் சட்டையை எட்டிப் பிடித்தது. யாரென்று அதற்குத் தெரியாது. டெல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குளோரி பிள்ளையின் விரல்களைப் பிரித்தெடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அப்பன் டெல்வின்தான். ஆள்மாறாட்டத்துக்குத் தனி வழக்குப் போடச் சொன்னார் நீதிபதி.

வெளியே வந்ததும் டெல்வின் அவள் பின்னாலேயே ஓடிவந்தான். "குளோரி, ஒன்னையக் கெட்டிக்கிடுதேன். அந்தக் கேஸ்ல மட்டும் எனக்கெதிரா சாட்சி சொல்லாத."

"சொல்லுவேன். பிள்ளைக்கு அப்பன் பேரு வேணும்னுதான் கோர்ட்டுக்கு வந்தேன். ஒன்னையக் கெட்டிக்கிடதுக்கு இல்ல."

பிறப்புச் சான்றிதழில் பேரைச் சேர்க்க எங்கே போகவேண்டும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, தூங்கிப்போன பெபிஷாவைத் தோளில் சாய்த்தபடி அப்போதே கிளம்பினாள்.