ஐந்தாவது பல்

‘இதுவரை விழுந்த பால்பற்கள்’ என்று படிவத்தில் கேட்டிருந்தது. நான்கு என்று எழுதினேன். என் மனைவியின் நோட்டில் அவ்வளவுதான் இருந்தது. எந்தப் பல், எந்தத் தேதி என்று அவள்தான் குறித்துவைப்பாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

மகளுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. இரண்டையும் தைத்தாயிற்று. மேல் ஈறில், இடப்பக்கம், எலும்பு மட்டும் சேரவில்லை. மூன்று வாரத்தில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைக்கப் போகிறார்கள். அதற்குமுன், பிளவின் ஓரத்தில் கோணலாக நிற்கும் சின்னப் பல்லைப் பிடுங்க வேண்டும். விழாமல் அடம்பிடிக்கும் பால்பல் என்றார் பல் டாக்டர்.

வெளிச்சப் பெட்டியில் பதினொரு மாதத்துக்கு முந்தைய எக்ஸ்ரே. பால்பல்லுக்கு மேலே, எலும்புக்குள், மங்கலாக ஒரு முளை. நிரந்தரப் பல். அந்த இடத்துக்கு அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். இறங்குமா என்று போகப்போகத்தான் தெரியுமாம்.

மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சு வைத்தார்கள். அவள் அழவில்லை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பேச்சு மூக்கு வழியாகப் போகும், வெளியாட்களுக்குப் பாதி புரியாது. அதற்காக அவள் பேச்சைக் குறைத்ததில்லை.

“வாயாடின்னீங்க, சத்தத்தையே காணோமே?” என்றார் டாக்டர்.

நர்ஸ் படிவத்தை ஒருமுறை உரக்க வாசித்தாள். விழுந்தது நான்கு. மகள் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினாள்.

“அஞ்சு நிமிஷம்கூட ஆகாதுடா கண்ணு.” டாக்டர் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டு இடுக்கியை எடுத்தார். கை மறுபடி எழுந்தது. அவள் கண் என் மேலேயே இருந்தது.

“ஒரு நிமிஷம் டாக்டர்.”

“ஊசி போட்டாச்சு சார். இப்ப நிறுத்தினா பிள்ளைதான் மிரளும்.”

“அவ என்னவோ சொல்றா.”

வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்கள். மரத்த உதட்டோடு அவள் சொன்னது நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“நாலு இல்லப்பா, அஞ்சு. இதே எடத்துலதான் விழுந்துச்சு. ஆஸ்பத்திரில அம்மாகிட்ட குடுத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதறேன்னாங்க.”

டாக்டரிடம் சொன்னேன். இடுக்கி அவர் கையிலேயே இருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு எந்தப் பல் என்று நினைவிருக்குமா என்று கேட்டார்.

“அவங்கம்மா பொண்ணு. இருக்கும். புதுசா ஒரு எக்ஸ்ரே எடுங்க. அதுவரைக்கும் தொட வேண்டாம்.”

எடுத்தார்கள். படம் வரும்வரை மகள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

படத்தில் முளையைக் காணோம். அந்தச் சின்னப் பல்லுக்கு நீளமாக வேர் இருந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

“அந்த முளைதான் இது. எறங்கிடுச்சு. பிடுங்கியிருந்தா...” படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த ஆஸ்பத்திரிப் பையை இறக்கினேன். ஏழு மாதமாக அதைத் தொடவில்லை. மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், கண்ணாடிக்கு அடியில், பஞ்சில் சுற்றிய ஒரு பல்.

நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எந்த நாள் என்று மகளிடம் கேட்டேன். மரப்பு விட்டிருந்தது. அன்று என்ன கிழமை, அம்மாவுக்கு எந்தக் கையில் ஊசி, டீ வாங்கப் போன நான் எவ்வளவு நேரம் வரவில்லை, எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டே இருந்தேன்.