நாலு கோழி விலைதான்

காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் கடைக்குள் பாய்ந்தது. தென் கொரியாவின் சுவோன் நகரில் இருந்த அந்தக் கடையில் இன்று புது டேப்லெட் வெளியீடு. ஓரமாகக் காபியோடு நின்றிருந்த யே-வொனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டேப்லெட் தயாரித்த நிறுவனத்தில் அதன் ஒன்பது மாடல்களுக்கும் விலை வைத்தவள் அவள்தான்.

அடி மாடலுக்கும் உச்சி மாடலுக்கும் நடுவே எட்டு லட்சம் வொன் வித்தியாசம். மொத்தமாகச் சொன்னால் ஆள் ஓடிவிடுவான் என்று அதை எட்டுப் படிகளாக வெட்டியிருந்தாள். ஒரு படிக்கு லட்சம் வொன், அதாவது நாலு பொரித்த கோழியின் விலை. அந்த ஊரில் எதையும் கோழிக் கணக்கில் சொல்லிவிட்டால் மலிவாகத் தோன்றும். முதல் மாடலில் சேமிப்பு இடத்தை வேண்டுமென்றே கிள்ளிக் கொடுத்திருந்தாள். பாதிப் பேர் ஐந்தாவது மாடலைத் தாண்டினால் குழுத் தலைவி பதவி அவளுக்கு என்று நிறுவன இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முதல் மாடலைக் கையில் எடுத்தார். சட்டையில் எண்ணெய் வாசனை. விற்பனையாளர் சோங்-கு ஓடி வந்தான்.

"வாங்க முதலாளி! என்ன உபயோகத்துக்கு?"

"முதலாளியாவது மண்ணாவது! கில்-சூன்னு பேரு, சின்னதா கோழிக்கடை. ஆன்லைன் ஆர்டர் பாக்கணும். பழசு எண்ணெய்ச் சட்டில விழுந்துடுச்சு."

"அதையும் பொரிச்சுட்டீங்களா! ஆனா இதுல இடம் கம்மி. ஆறே மாசத்துல அடைச்சுக்கும். நாலு கோழி விலை கூடப் போட்டா அடுத்தது."

அடுத்ததில் திரை மங்கல், அதற்கடுத்ததில் பேனா இல்லை. மூன்று, நான்கு, ஐந்து... ஆறு! மனிதர் ஏறிவிட்டார்! யே-வொனுக்குக் கைதட்டத் தோன்றியது.

தவணைத் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்த கில்-சூ நிமிர்ந்தார்.

"தம்பி, ஒரு கோழி வித்தா எனக்கு ரெண்டாயிரம் வொன்தான் நிக்கும். நீ சொல்ற நாலு கோழிக்கு நான் அம்பது கோழி பொரிக்கணும். அஞ்சு படிக்கு எரநூத்தம்பது! என்ன பண்றது, ஆர்டர் நின்னா கடை நின்னுடும். குடு, போட்டுத் தொலைக்கிறேன்."

யே-வொனுக்குச் சுருக்கென்றது. ஆர்டர் பார்க்க முதல் மாடலே போதும் என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பதவி போகும் என்பதும் தெரியும். காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"ஐயா, போடாதீங்க! உங்க வேலைக்கு முதல் மாடலே தாராளம். ஆறு மாசத்துல ஒண்ணும் அடைச்சுக்காது!"

"யாரும்மா நீ? பொழப்பைக் கெடுக்கறியே!" என்று சோங்-கு கத்தினான்.

"இந்த விலையெல்லாம் வெச்சதே நான்தான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கில்-சூவுக்கு வியப்பு தாளவில்லை.

"அப்ப ஒண்ணே போதும்னா எதுக்கும்மா ஒம்பது?"

"நீங்க ஏறணும்னுதான், ஐயா." அவள் எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "கடைக்குள்ள வரும்போது என்ன வேலைக்கு வாங்க வந்தோம்னு மறக்காதீங்க. அடுத்த படியையே பாத்துட்டிருந்தா உங்க தேவை தீராது, எங்க தேவைதான் தீரும்!"