மூலையில் வைத்த பெட்டி

எங்கள் இசைக்குழுவின் தலைவருக்கு உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கும் கடை இருக்கிறது. கனமான எதுவும் உயர்வானது என்று அவர் நம்புவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவருடைய கிதாருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கும் ஒலிபெருக்கிக்கு அவர் வைத்த பெயர் ‘கோபுரம்’. அதைத் தூக்க மூன்று பேர் வேண்டும். அந்த மூவரில் தலைவர் ஒருபோதும் இருந்ததில்லை. ‘பார்த்து, பார்த்து’ என்று சொல்வது அவருடைய பங்கு.

சட்டைப் பையில் எப்போதும் விசிட்டிங் கார்டு வைத்திருப்பார். நிறுவனர், முதன்மைக் கிதார், இசை இயக்கம் என்று தங்க எழுத்தில் மின்னும். மற்ற நால்வரும் அதில் இல்லை. கார்டு சின்னது, இடம் போதவில்லை என்று ஒருமுறை விளக்கம் கொடுத்தார்.

அந்த இடம் போதாத நால்வரில் நான் கீபோர்டு. பேக்கரி நடத்தும் நண்பன் டிரம்ஸ். முழங்கை வரை வெள்ளையாகவே ஒத்திகைக்கு வருவதால் அவன் பெயர் ‘மாவு’. பாடுவது தலைவரின் மைத்துனி. மழலையர் பள்ளி டீச்சர். ஒரு வகுப்புக் குழந்தைகள் சேர்ந்து அழும்போதும் தன் குரலைக் கேட்கவைக்கத் தெரிந்தவள். பேஸ் கிதார் வாசிப்பது என் மனைவி.

பேஸ் என்பது, பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தக் கனமான ஒலி, வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. நின்றால் மட்டும் வீடே கூடிவிடும்.

அவளிடம் முன்பு ஒரு பேஸ் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, இருந்தது. வாஷிங் மெஷின் அளவு. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில், அதன் ஒரு முனையை நானும் மறு முனையை அவளும் பிடித்திருந்தபோது, அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் தலையணைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். “இவரையுமா?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற டாக்டர் இல்லை.

பழையதை விற்றுவிட்டு அவள் வாங்கி வந்தது மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி. மேலே கைப்பிடி; டாக்டரின் தலையணையைவிடக் கொஞ்சம்தான் கனம். உள்ளேயே பேட்டரி, செல்ஃபோன் மாதிரி சார்ஜ் போட்டுவிட்டால் கரண்ட் இல்லாமலே மணிக்கணக்கில் பாடும். பின்பக்கம் வயர் செருக மூன்று ஓட்டைகள்: ஒன்று பேஸுக்கு, ஒன்று மைக்குக்கு, ஒன்று கூடவந்து ஒட்டிக்கொள்ளும் யாருக்காவது.

“இதுல பாட்டு வருமா, பன்னு வருமா?” என்றேன்.

“நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடினா பாட்டு வரும்.”

சமையலறை மூலையில், இரண்டு சுவர்கள் சேருமிடத்தில், தரையில் வைத்து வாசித்தாள். சத்தத்தைக் கூட்டும் திருகைக் கால்வாசி கூடத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வருமான வரி அதிகாரி. யார் வீட்டுக்குப் போனாலும் சோதனைக்கு வந்தவர் மாதிரியே நிற்பார்.

“என் வீட்டு அலமாரியில இருக்குற கண்ணாடி டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. மேல என்ன, மோட்டார் போட்டிருக்கீங்களா?”

அவரிடம் பெட்டியைக் காட்டினோம். நம்பவில்லை. குனிந்து அதன் பின்னால் வேறு ஏதாவது ஒளித்துவைத்திருக்கிறோமா என்று பார்த்தார், பழக்கதோஷம். அவர் போன பிறகு மனைவி பெட்டியை எடுத்துச் சமையலறை நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தாள். திருகைத் தொடவில்லை. சத்தம் பாதியாகிவிட்டது. மறுபடி மூலையில் வைத்தாள். கீழேயிருந்து “அம்மா!” என்று குரல் வந்தது.

“பாத்தீங்களா? நடுவுல வெச்சா பூனை, மூலையில வெச்சா புலி. ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து கனமான சத்தத்தை முன்னால தள்ளுது” என்றாள்.

அன்றிலிருந்து ஸ்டூலில் வைத்துத்தான் பயிற்சி. கீழ்வீட்டுக்காரர் தூங்கும் மதிய நேரங்களில் காதில் ஹெட்ஃபோன். அப்போது எனக்குக் கேட்பது தந்தியில் விரல் படும் ‘டக் டக்’ மட்டும்தான். பாட்டு முழுக்க அவள் முகத்தில் ஓடும்.

ஒத்திகை நடப்பது தலைவரின் கிடங்கில், டிரெட்மில்களுக்கு நடுவே. பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“என்னம்மா, எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவந்திட்டியா?”

அன்று முதல் அது ‘டிபன் டப்பா’.

எங்கள் ஒத்திகையின் லட்சணம் இதுதான். தலைவருக்குத் தன் கிதார் கேட்காது, கூட்டுவார். உடனே எனக்கு என் கீபோர்டு கேட்காது, நானும் கூட்டுவேன். மாவு இன்னும் ஓங்கி அடிப்பான். டீச்சர் கத்துவாள். தலைவருக்கு மறுபடி தன்னுடையது கேட்காது. கடைசியில் ஐந்து பேரும் அவரவர் சத்தத்தை அவரவரே தேடிக்கொண்டிருப்போம்; அதைப் பாட்டு என்று சொல்லிக்கொள்வோம். டிபன் டப்பா கிடங்கின் நடுவில் உட்கார்ந்து, அந்தக் கூச்சலுக்குள் மூழ்கிப்போயிற்று.

“கேக்குதா? ஒண்ணுமே கேக்கல” என்றார் தலைவர்.

“உங்களுக்கு உங்களையே கேக்க மாட்டேங்குது சார். என்னை எங்க கேக்கப்போகுது?” என்றாள் மனைவி.

மாவு சிரித்துவிட்டான். அது தப்பாகிப்போயிற்று. தலைவர் கிதாரைக் கழற்றி வைத்தார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் கழுத்தில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை.

“குழாய்க் கம்பெனி வெள்ளி விழாவுல வாசிக்கப்போறோமில்ல? அன்னைக்குப் பாக்குறேன். இந்த டப்பா கேக்கலைன்னா இனிமே நம்ம குழுவுல பேஸே வேணாம். உன் வீட்டுக்காரரோட இடது கை சும்மாதானே கிடக்கு? கீபோர்டுலயே பேஸையும் வாசிச்சிடுவாரு.”

எல்லோரும் என் இடது கையைப் பார்த்தார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“உங்க இடது கை என்ன சொல்லுது?”

“அது என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கு? உன் பேச்சைத்தான் கேக்கும்.”

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். “காலையிலருந்து கண்ணாடிக் கடையில வர்றவங்க கண்ணுக்கு லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேட்டுட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தா உப்பு போதுமான்னு கேக்குறேன். கேள்வி கேக்காம நான் பண்றது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா?” என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளி விழா ஒரு ஞாயிறு மதியம். அரங்கத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு மகப்பேறு மருத்துவமனை. அரங்கத்தின் மேலாளர், இடுப்பில் சாவிக் கொத்துத் தொங்கும் ஒல்லியான மனிதர், வந்ததுமே சுவரில் இருந்த ஒரு கருவியைக் காட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள்.

“சத்தம் கூடினா சிவப்பு எரியும். எரிஞ்சும் குறைக்கலைன்னா மேடைக்குப் போற கரண்ட் தானா கட் ஆயிடும். சாவி போட்டு நான் திறந்தாத்தான் திரும்ப வரும். பக்கத்துல பச்சைக் குழந்தைங்க சார்.”

“நாங்க எத்தனை மேடை பாத்தவங்க” என்றார் தலைவர். கோபுரத்தை எந்தக் கோணத்தில் நிறுத்தினால் ஃபோட்டோவில் தானும் அதுவும் சமமாக விழலாம் என்ற கவலையில் இருந்தார் அவர். அப்போதுதான் டிபன் டப்பா கண்ணில் பட்டது.

“அய்யய்யோ, இது ஃபோட்டோல விழக் கூடாது. அந்தக் கடைசி மூலையில கொண்டுபோய்த் தள்ளு.”

பின்சுவரும் பக்கச்சுவரும் சேருமிடம். கீழே மரப்பலகை மேடை. நான் வாயைத் திறந்தேன்; மனைவி என் காலை மிதித்தாள்.

“சரிங்க சார்” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பணிவான குரலை நான் கேட்டதில்லை.

முதலில் கம்பெனி முதலாளி பேசினார். குழாய் என்பது வெறும் குழாய் அல்ல என்று தொடங்கி, வேறு என்னவென்று சொல்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கேட்டவர்கள் தட்டில் இருந்ததைக் கவனித்தார்கள்.

பிறகு நாங்கள். முதல் பாட்டிலேயே என் செருப்புக்கு அடியில் பலகை மெல்ல அதிர்ந்தது. ஒவ்வொரு சுரமும் உருண்டையாக வந்து முதுகில் கை வைத்தது. மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாவு கண்ணை அகல விரித்து அவளையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். விளக்கு பச்சை.

தலைவர் முகத்தில் மட்டும் ஏதோ குறை. அவருடைய கிதாரோடு முதல்முறையாக இன்னொன்றும் காதில் விழுந்தது; அப்படி விழுந்தால் அவருக்குத் தன் வாசிப்பு கேட்காது. இரண்டாவது பாட்டில் கோபுரத்தைக் கூட்டினார். மஞ்சள். என் கையும் பழக்கத்தில் திருகை நோக்கிப் போனது. மனைவி பார்த்தாள். கை திரும்பி வந்தது.

மூன்றாவது பாட்டில் அவருடைய தனி வாசிப்பு. அதற்கென்று ஒரு பாணி வைத்திருக்கிறார்: இடுப்பைப் பின்னால் வளைத்து, முகத்தை மேலே தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொள்வார். மூடுவதற்கு முன் கோபுரத்தை முழுக்கத் திருப்பியிருந்தார். சிவப்பு எரிந்தது. டீச்சர் “மாமா! மாமா!” என்று கையை ஆட்டினாள். கோபுரத்தின் முன்னால் மாமாவுக்கு எது கேட்கும்? சிவப்பு விளக்கை மேடை அலங்காரம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

கரண்ட் போயிற்று.

கோபுரம் செத்தது. என் கீபோர்டு செத்தது. மைக் செத்தது. தலைவர் கண் திறந்தபோது அவர் கையிலிருந்து வந்தது சீப்பை நகத்தால் கீறுகிற சத்தம்.

மூலையிலிருந்து மட்டும், ஒன்றுமே நடக்காதது போல, ‘டும்... டு டும்... டும்.’

அவள் நிறுத்தவே இல்லை. மாவு ஒரு கணம் தடுமாறிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? வெறும் பேஸும் டிரம்ஸும். கூச்சல் முழுக்க வடிந்துபோன பிறகு, பாட்டு இவ்வளவு நாளும் எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பது தெரிந்தது. முதலில் கால்கள் ஆடின. பிறகு பேக்கிங் பிரிவுப் பெண்கள் தட்டுகளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர்கள் எழுந்த பிறகு ஆண்களுக்கும் தைரியம் வந்தது.

டீச்சர் மைக் வயரை இழுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினாள். “அக்கா, ஓட்டை இருக்கா?”

“ரெண்டாவது!”

குரல் வந்தது. அரங்கமே “ஓ!” என்றது.

“நிறுத்துங்க! கரண்ட் வரட்டும்!” என்று தலைவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

“மாமா, நீங்க வேணா போய் உக்காந்துக்கங்க” என்றாள் டீச்சர், மைக்கிலேயே.

என் இடது கைக்கு அன்று கடைசியில் ஒரு வேலை கிடைத்தது: வலது கையோடு சேர்ந்து தாளம் தட்டுவது. முழு மனதோடு தட்டியது.

சாவிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆடுகிற கூட்டத்தைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார், மஞ்சளைத் தொட்டுவிட்டுப் பச்சைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அவரைத் தலைவர் பிடித்து உலுக்கினார்.

“திறங்க சார், சீக்கிரம்!”

“எதுக்கு? நல்லாத்தானே போயிட்டிருக்கு. அந்தப் பெரிசைப் போட மாட்டேன்னு சொல்லுங்க, திறக்குறேன்.”

தலைவர் கோபுரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவே கம்பெனி முதலாளி, குழாய் வெறும் குழாய் அல்ல என்பதை இடுப்பால் நிரூபித்துக்கொண்டிருந்தார். தலைவரை யாருமே பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவர் தாங்கிக்கொள்ளவே முடியாதது அது ஒன்றுதான்.

கிதார் வயரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக மூலைக்கு வந்தார்.

“ஏம்மா... அந்த மூணாவது ஓட்டை... காலியா?”

அவள் வாசித்தபடியே மோவாயால் காட்டினாள். பெட்டி தரையில் இருந்ததால் தலைவர் முட்டி போட வேண்டியிருந்தது. முட்டி போட்டுச் செருகினார்; அவர் கை தானாகத் திருகை நோக்கி நீண்டது.

“அதைத் தொடாதீங்க சார்.”

கை நின்றது. ஒரு சுரத்தை ஓடவிட்டுவிட்டு, அவள் அவருடைய திருகைக் கொஞ்சமாகத் திருப்பினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். கிதார் வந்தது, அளவாக, பாட்டுக்குள் அதற்கென்று இருந்த இடத்தில், மற்றவர்களோடு தோள் உரசிக்கொண்டு. அவர் உண்மையிலேயே நன்றாக வாசிப்பவர் என்று எனக்குத் தெரியவந்தது அன்றுதான்.

அவள் கொஞ்சம் குனிந்து, கடையில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

“இப்ப தெளிவா இருக்கா சார்? இல்ல, முன்னால தெளிவா இருந்துச்சா?”

கண்ணாடிக் கடையில் அவள் எதிரே உட்காரும் எல்லோரையும் போல அவரும் அடங்கிப்போய்ச் சொன்னார்: “இப்பதாம்மா.”

முடிந்ததும் முதலாளி வியர்வை வழிய மேடையேறி வந்தார். தலைவர் கார்டை நீட்டினார். முதலாளி அதை வாங்கி விசிறிக்கொண்டே, “அந்தப் பெட்டிக்காரம்மா எங்க? அடுத்த விழாவுக்கும் அவங்கதான் வரணும்” என்றார்.

இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டோம். கீபோர்டைச் சுமந்து மூச்சு வாங்கி நான் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். அவள் தோளில் கிதாரும் ஒரு கையில் பெட்டியுமாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

“எப்படிம்மா போச்சு?”

“மூலையில வெச்சு வாசிச்சேன் சார்.”

வருமான வரி அவளை மேலும் கீழும் பார்த்தது. முகத்திலேயே கணக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“இங்கயும் ஒரே ஒரு பாட்டு மூலையில வெச்சு வாசி. இரு, முதல்ல டம்ளரையெல்லாம் இறக்கி வெச்சுட்டு வரேன்.”