புதன்கிழமைகளில் ரொட்டி இல்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை; பெரியம்மா வாயிலிருந்து பிடுங்கினேன். "யுத்த காலத்துல புதன்கிழமைன்னா அவ்வளவு சந்தோஷமா இருக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொன்னதைவிட அந்தக் கடிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2

முதல் வரி: "நாடே பசித்திருந்தது." வேண்டாம், மேடைப்பேச்சு. "ஊரே ஒன்றாய்த் திரண்டு..." இதுவும் வேண்டாம்.

நடந்ததையே சொல்கிறேன். போர்முனைக்கு மாவு போதவில்லை. யாரும் சட்டம் போடவில்லை. விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடலாம் என்று வீடு வீடாக ஓர் அட்டை வந்தது: புதன் மாலை இந்த வீட்டில் அடுப்பு எரியாது, ரொட்டியும் வாங்கமாட்டோம். பெரியம்மா கையெழுத்துப் போட்டு மாடி ஜன்னலில் மாட்டினாள். சரியாக அதற்குக் கீழேதான் பெரியப்பாவின் ரொட்டிக் கடை.

"நம்ம கடையில வாங்காதீங்கன்னு நீயே எழுதித் தொங்கவிடுறியா?"

"உங்க தம்பி போர்முனையில இருக்காரு. நாம விட்டது அவர் தட்டுல விழும்னு நெனச்சுக்கோங்க."

3

பெரியப்பா ஏன் மாறினார்? "தேசப்பற்று அவர் நெஞ்சில்" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன்.* இரண்டு புதன் வீம்புக்குச் சுட்டார். தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் புதன் கடையைச் சாத்திவிட்டு மாடியேறி வந்தார். அட்டையில் அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார்.

(* பெரியம்மாவின் விளக்கம்: "வித்திருந்தா சுட்டிருப்பாரு.")

4

மற்ற நாட்களில் கடை சாத்தியதும் மாவு மூட்டைமேலேயே சாய்ந்துவிடுகிற மனிதர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. இப்போது புதன்தோறும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தார்கள். தம்பியின் கடிதத்தை அவர் தம்பி குரலிலேயே படித்துக் காட்டுவார். இவருக்கு இப்படியெல்லாம் வருமா என்று அவள் வாய் பிளந்து கேட்பாள்.

"கடமுடான்னு கேக்குதே, உன் வயிறா, என் வயிறா?"

"உங்களுதுதான். என்னோடது இவ்வளவு மட்டமா பாடாது."

5

யுத்தம் முடிந்தது. தம்பி இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார். கடையில் கூட்டம் தாங்கவில்லை. அடுத்த புதன் சாயங்காலம் பெரியம்மா கீழே இறங்கிப் போனாள். பெரியப்பா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சாத்திடலாமா?"

"ஏன்? அதான் யுத்தம் முடிஞ்சிருச்சே!"

அதே தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் திரும்பவில்லை. அந்தப் பசி எனக்குப் பிடித்திருந்தது என்று எந்த வாயால் சொல்வாள்?

அவர் அவள் முகத்தைப் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், நெருப்பில் தண்ணீரை ஊற்றுகிறார் என்று ஒரு முடிவு எழுதிப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அவரா? நல்லா எழுதுற, போ."

"அப்போ என்னதான் ஆச்சு?"

"என்ன ஆகும்? நல்லா சாப்பிட்டோம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வேறொன்று எழுதக் கை வரவில்லை. அடுப்பு எரிகிறது, அவள் பக்கத்தில் நிற்கிறாள். உங்களுக்கு மனசு இருந்தால் அந்த அடுப்பை நீங்களே அணைத்துக்கொள்ளுங்கள்.